சூடு பார்த்த கை

தறிக் குழிக்குள் காந்தத்தை இறக்கிய பிறகுதான் உண்ணாமலை காப்பிக்குப் பால் வைப்பாள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். கயிற்றில் கட்டிக் குழியின் நாலு மூலைக்கும் மெல்ல இழுப்பாள். ஒரு நாள் குண்டூசி ஒட்டிக்கொண்டு வரும், ஒரு நாள் அறுந்த கம்பித் துண்டு, பல நாள் ஒன்றும் வராது. ஒன்றும் வராத நாளில்தான் அவளுக்குப் பயம் அதிகம். காந்தத்துக்கு மூங்கில் சிராய் அகப்படாது. அதனால் வெறுங்காலோடு குழிக்குள் இறங்கி, டார்ச் அடித்து, தரையைக் கையால் ஒரு முறை தடவுவாள். மிதிக்கட்டைகளில் சுற்றிய பழைய வேட்டித் துணி விலகியிருக்கிறதா என்று பார்ப்பாள். அவள் மேலே ஏறி வந்து "இறங்குங்க" என்று சொன்ன பிறகுதான் பரசுராமன் தறியில் உட்காரலாம்.

மூன்று வருஷமாக இப்படித்தான் அந்த வீட்டில் பொழுது விடிகிறது.

அதற்கு முன் ஒரு நாள், ஊடை நூல் சுற்றும் மூங்கில் தார்க்குச்சி உடைந்து, அதன் முனை அவருடைய வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஏறிவிட்டது. நாலு நாள் அதோடேயே மிதித்து நெய்திருக்கிறார். ஐந்தாம் நாள் வீட்டில் ஏதோ எலி செத்துக் கிடக்கிறது என்று உண்ணாமலை பரணையெல்லாம் ஒழித்துப் பார்த்தாள். நாற்றம் அவர் காலிலிருந்து வந்தது. வேலூருக்குக் கொண்டுபோனார்கள். விரலை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது, இனிமேல் அந்தக் கால்களுக்கு வலி தெரியாது, வலிக்குப் பதிலாக யாராவது ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவர் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிய நர்ஸ் அமலா, சந்தவாசல் பக்கத்துப் பெண், எல்லாவற்றையும் விரல் விட்டு எண்ணிச் சொல்லிக் கொடுத்தாள். "வெறுங்கால்ல ஒரு அடி வெக்கக் கூடாது. செருப்ப உதறிட்டுத்தான் போடணும். தெனம் சாயங்காலம் கண்ணாடி வெச்சு உள்ளங்கால பாக்கணும். சுடுதண்ணி ஒத்தடம் கிட்டவே போவக் கூடாது. குளிக்கிற தண்ணியக்கூட நீங்க முழங்கை வெச்சு பாத்துட்டுத்தான் ஊத்தணும்மா. அவரு பாக்கக் கூடாது."

மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒரு ஜோடியும் கொடுத்தாள். வீட்டுக்குள்ளும் தெருவிலும் அதைப் போட்டுக்கொள்ள அவர் ஒத்துக்கொண்டார். தறியில் மட்டும் முடியாது என்றார்.

"செருப்போட மிதியில காலு வெச்சா அது தறியா? தறிக்குத் தெனம் பொட்டு வெக்கிற, அதுமேல செருப்பு வெக்கச் சொல்ற."

உண்ணாமலைக்கும் மனம் வரவில்லை. அதனால்தான் காந்தம், டார்ச், துணி சுற்றிய மிதி. அவருக்குக் கெட்டிக் காலுறை. எல்லாம் அவளே யோசித்துச் செய்துகொண்ட ஏற்பாடு. அமலா கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா கீது உங்க நியாயம். சாமி கோச்சுக்கும்னு காலக் குடுக்கறீங்க."

சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து பரசுராமன் காலை நீட்டுவார். அவள் தரையில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொள்வாள். குதிகால், விரலிடுக்கு, விரலில்லாத அந்தப் பள்ளம். முதல் வருஷம் அது வேலையாக இருந்தது. பிறகு எப்போதோ வேறாகிவிட்டது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய பேச்சைவிட, கால் அவள் மடியில் இருந்த அந்தக் கால் மணி நேரங்களில் பேசியது அதிகம். சின்ன வயதில் களம்பூர் ரயிலடியில் தொலைந்துபோன கதையை அப்போதுதான் சொன்னார். செத்துப்போன தம்பியைப் பற்றிச் சொன்னார். ஒரு மனிதனின் உடம்பு தன் கண்ணை நம்பிக் கிடக்கிறது என்பதில் உண்ணாமலைக்கு ஒரு கர்வம் வந்திருந்தது. அது கர்வம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பாசம் என்றே நினைத்திருந்தாள்.

அவருடைய பாதத்தில் எந்த ரேகை எங்கே பிரிகிறது என்று அவளுக்குத் தெரியும். தன் பாதத்தைக் கடைசியாக எப்போது பார்த்தாள் என்று கேட்டால் தெரியாது.

புரட்டாசியில் ஒரு நாள் சேவூரில் ஒரு வீட்டுக்குப் பாவு பிணைக்கப் போய்விட்டு டவுன் பஸ்ஸில் வந்தாள். தெருமுனையில் பக்கத்து வீட்டு சங்கீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா பெரிம்மா, ஒத்தச் செருப்போட வர்ற? இது எந்த ஊரு பேஷன்?"

குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. பஸ்ஸில் விட்டாளா, இறங்கும்போது கழன்றதா, தெரியவில்லை. தார் ரோட்டில் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். "வார் லூஸு. சனியன் போனா போவட்டும்," என்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பாவு பிணைப்பதிலும் கை முன்போல் ஓடவில்லை. தறியில் நெடுக்காக ஓடி முடிந்துபோன பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்கும் வேலை அது. ஆயிரக்கணக்கான இழை. அந்தத் தெருவில் உண்ணாமலை கண்ணை மூடிக்கொண்டு பிணைப்பாள் என்று சொல்வார்கள். இப்போது இழை விரலுக்குள் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கண்ணில் கோளாறு என்று கண்ணாடி வாங்கிக்கொண்டாள்.

கையைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் வர வழியில்லை. அது பேர்பெற்ற கை. அவளுடைய அப்பா சாயப்பட்டறை வைத்திருந்தார். பத்து வயதிலிருந்தே கொதிக்கிற சாயத் தொட்டியில் பட்டு நூல் கண்டிகளை முக்கித் திருப்பியவள். கல்யாணமாகி வந்த புதிதில் அடுப்பிலிருந்து சோற்றுக் குண்டானை வெறுங்கையால் இறக்குவதைப் பார்த்துவிட்டுப் பரசுராமன் ஊரெல்லாம் சொன்னார். இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார்: "எங்க வூட்ல இடுக்கியே கெடையாது. அவ கையே இடுக்கி."

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவில்லை. தறிக் குழியில் ஈரம் ஊறியது. பரசுராமனின் கால்கள் தொட்டால் சூடாகவே இருந்தன. ஆனால் அவருக்கு மட்டும் உள்ளே குளிர்ந்தது. வலி தெரியாத கால் குளிரை மட்டும் எப்படி உணர்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. கம்பளியால் சுற்றினாள், இரண்டு காலுறை போட்டாள். அவர் வெந்நீர் கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். பத்து நாள் கேட்டார், பத்து நாளும் மாட்டேன் என்றாள்.

அமாவாசையன்று தறி ஓடாது. வேலை இருந்தால் கவனம் அதில் போகும். அன்று பகல் முழுக்க அவர் கட்டிலில் உட்கார்ந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் அவள் படையலுக்கு வடை தட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு வாட்டி உண்ணா. பொணத்து காலு ரெண்ட ஒட்டவெச்சு நடக்கறாப்ல கீது. நடக்கறது நானான்னே தெரியல."

அவர் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை. விரலை எடுத்த அன்றுகூட இல்லை.

அடுப்பைத் தணித்துவிட்டு எழுந்தாள். வாளியில் ஹீட்டர் ராடைப் போட்டுச் சூடாக்கினாள். நீல பிளாஸ்டிக் தொட்டியில் பாதி ஊற்றி, பச்சைத் தண்ணீர் விட்டுக் கலந்தாள். முழங்கை வைத்துப் பார்க்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. முழங்கை எல்லாம் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாதவர்களுக்கு. சாயத் தொட்டியின் சூட்டைக் கை வைத்தே சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு எதற்கு? கையை மணிக்கட்டு வரை விட்டாள். கொஞ்சம் சூடு போலிருந்தது. இன்னும் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் விட்டாள். மறுபடி கையை விட்டாள். வெதுவெதுவென்று, மழைக்கு இதமாக இருந்தது.

"பத்து நிமிஷம்தான்," என்றாள்.

பரசுராமன் கால்களை இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்து, "உயிரு வர்றாப்ல கீது," என்றார். அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கும் ஒரு பாரம் இறங்கியது. சமையற்கட்டுக்குப் போனாள். வடையை எடுத்தாள். இலை போட்டாள். காக்காய்க்குச் சோறு வைக்க மாடிக்குப் போனால் மழையில் ஒரு காக்காயும் வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். அவர் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

தண்ணீருக்குள் அவருடைய இடது பாதத்தின் மேல்தோல் நனைந்த காகிதம் போல் சுருண்டு எழும்பியிருந்தது.

அவள் கத்தியதில் சங்கீதா ஓடிவந்தாள். கால்களை வெளியே தூக்கினார்கள். இரண்டு பாதமும் சிவந்து கொப்பளித்திருந்தன. இடது கால் விரல்களில் தோலே இல்லை. அந்த நேரத்திலும் உண்ணாமலை செய்த முதல் காரியம், தொட்டியில் மறுபடி கையை விட்டுப் பார்த்தது. வெதுவெதுப்புத்தான். அதே இதம்.

பக்கத்தில் வாளி இருந்தது. அதில் மிச்ச வெந்நீரும் மக்கும் இருந்தன.

"வாளிலருந்து மொண்டு ஊத்திக்கினீங்களா?"

"இல்லியே."

"பின்ன? நான் கை வெச்சுப் பாத்துட்டுத்தான் போனேன். ரெண்டு வாட்டி பாத்தேன்."

"நான் ஒண்ணும் பண்ணல உண்ணா."

"பொய் சொல்லாத! நீ ஊத்திக்கின! சூடு பத்தலன்னு மொண்டு ஊத்திக்கின!"

முப்பது வருஷத்தில் முதல் முறையாக அவரை நீ என்றாள். பரசுராமன் தன் கால்களைப் பார்த்தார். மக்கைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊத்திக்கினேன் போல," என்றார். "தூக்கக் கலக்கத்துல."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைத்தான் திட்டினார். சின்னப் பிள்ளையா நீங்க என்று கேட்டார். ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கும் மகள் சுகன்யா லீவு போட்டு வந்து அவள் பங்குக்குத் திட்டினாள். "அம்மா உன்ன கண்ணுல வெச்சுப் பாத்துக்குது, நீ இன்னாப்பா இப்டி பேஜார் பண்ற?" எல்லாவற்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். உண்ணாமலை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தன்மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொல்கிறபோது ஒரு மனுஷிக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. உள்ளே ஏதோ ஒன்று அந்த 'இல்லியே'யை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லும்போது மூக்கைத் தடவுவார். அன்று தடவவில்லை. ஊத்திக்கினேன் போல என்று சொன்னபோதுதான் தடவினார்.

சுகன்யா வேலைக்குத் திரும்பினாள். பத்தாம் நாள் இடது கால் விரல்கள் கறுத்தன. அந்தக் காலில் பாதிப் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும், திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும், மேலேயும் போகலாம் என்றார் டாக்டர். நாளைக் காலை ஆபரேஷன் என்று குறித்தார்கள்.

அன்று மத்தியானம் அமலா கட்டு மாற்ற வந்திருந்தாள். உண்ணாமலை வாசல் டீக்கடையில் கொதிக்கக் கொதிக்கப் பால் வாங்கி, எவர்சில்வர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இத செத்த பிடிம்மா, போர்வய சரி பண்ணிட்டு வரேன்."

வாங்கிய அமலா வீலென்று டம்ளரை விட்டுவிட்டாள். பால் தரையெல்லாம் ஓடியது.

"அய்யோ! இன்னாம்மா இது, நெருப்பாட்டம்! இத எப்டிப் பிடிச்சிகினு வந்தீங்க?"

கட்டிலில் பரசுராமன் சிரித்தார். பத்து நாளில் முதல் சிரிப்பு. "அது சாயப்பட்டறைக் கை சிஸ்டர். அதுக்கு சூடே தெரியாது."

அமலா சிரிக்கவில்லை. கையை உதறிக்கொண்டே உண்ணாமலையின் விரல்களைப் பார்த்தாள். நுனிகள் சிவந்திருந்தன.

"பட்டறைய வுட்டு எத்தன வருஷம் ஆச்சும்மா?"

"கண்ணாலம் ஆனதுலருந்து. முப்பது."

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி காய்ச்சுன தோலு இன்னுமா அப்டியே கீது?" அவள் குரலைத் தணித்தாள். "இப்டி என்கூட வாங்க."

கட்டு அறையில் ஸ்டூலில் உட்காரவைத்தாள். டப்பாவிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தாள். அதன் நுனியில் ஒரு நைலான் இழை நீட்டிக்கொண்டிருந்தது. பரசுராமனின் கால்களில் அதைக் குத்திக் குத்திப் பார்ப்பதை உண்ணாமலை எத்தனையோ முறை கண்டிருக்கிறாள். பட்டு இழையைவிடப் பல மடங்கு தடிமன்.

"கண்ண மூடுங்க. தொடறப்பல்லாம் சொல்லுங்க."

உண்ணாமலை கண்ணை மூடிக் கையை நீட்டினாள். வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். குழாயில் தண்ணீர் சொட்டியது. அவள் காத்திருந்தாள்.

"ஆரம்பிம்மா," என்றாள்.

உண்ணாமலை கண்ணைத் திறந்தாள். நைலான் இழை அவளுடைய ஆள்காட்டி விரல் நுனியில் வில்லாக வளைந்து நின்றது.

"அஞ்சு விரலும் முடிச்சிட்டேன்மா," என்றாள் அமலா.

பாதத்தின் மேலும் குத்திப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான். விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தாள். வந்த எண்ணை நம்பாமல் மறு விரலில் ஒரு முறை குத்தினாள். "கையிக்கு வர்றதுக்கு முன்ன கால்ல வந்திருக்கும். வருஷக்கணக்கா சக்கர கீது உங்களுக்கு. ஒரு நாளாவது டெஸ்ட் எடுத்தீங்களா? அவர மாசாமாசம் இட்டாந்தீங்களே, நீங்க ஒரு நாளாவது?"

அன்று யாருடைய கை சூடு பார்த்தது என்று அவள் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் ஒண்ணும் அவராண்ட சொல்லப் போறதில்ல," என்றாள்.

உண்ணாமலை மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வேறு யாருடையதையோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது போலிருந்தது. இந்தக் கைதான் தினமும் தறிக் குழியைத் தடவிப் பார்த்தது. தடவி என்ன கண்டது? இந்தக் கையை நம்பித்தான் ஒருவர் கொதிக்கிற தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உயிர் வருகிறது என்றார்.

சொல்லாமல் விட்டுவிடலாம். அவரே ஒத்துக்கொண்டாகிவிட்டது. மகளும் டாக்டரும் தெருவும் நம்பிவிட்டார்கள். நாளைக்குக் கால் போகப்போகிறது. சொன்னால் அது திரும்பி வராது. இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தவள், தன் பயம் எதைப் பற்றியது என்ற இடத்தில் நின்றாள். அவர் திட்டுவார் என்ற பயமில்லை. இனிமேல் சாயங்காலம் காலை நீட்டமாட்டார் என்ற பயம். ஒருவரின் காலைப் பறித்துவிட்டு, அந்தக் காலை மடியில் வைத்துக்கொள்ளும் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளத் தான் இங்கே உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள்.

எழுந்து வார்டுக்குப் போனாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"அன்னிக்கி தண்ணி கொதிச்சிகினுதான் இருந்துது. எனக்குத் தெரியல. என் கை செத்துப்போச்சாம். அமலா இப்ப பாத்து சொல்லிச்சு. நீங்க எதையும் மொண்டு ஊத்திக்கல."

பரசுராமன் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ நான் ஊத்திக்கல," என்றார்.

"இல்ல."

"பத்து நாளா அதத்தான் யோசிச்சினு இருக்கேன். எப்ப எழுந்தேன், எப்ப மொண்டேன்னு. எவ்ளோ யோசிச்சாலும் ஞாபகம் வரல. கால்தான் போச்சு, மூளையும் போவுதான்னு..." நிறுத்தினார். "சாவறதுக்குக்கூட நான் அப்டி பயந்ததில்ல உண்ணா."

அவள் அழுதாள். அவர் அழாதே என்று சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜன்னலில் வெயில் இறங்கி, எதிர்ச் சுவரில் ஏறி, மங்கியது. ஆரஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். உண்ணாமலை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். மன்னிப்பு என்று ஒன்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாரோ என்றும் இருந்தது.

வழக்கமாகக் கால் பார்க்கும் நேரம் வந்தது. அவர் திரும்பினார்.

"கண்ணாடி கொண்டாந்திருக்கியா?"

பையிலிருந்து கைக்கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்தாள். கட்டுப்போடாமல் விட்டிருந்த வலது குதிகாலைப் பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்துப் போர்வையை விலக்கப் போனாள்.

"என்துல்ல. உன் கால வெய்யி."

"இன்னா பேசறீங்க? உங்க மேலயா?"

"வெய்யின்றேன்ல."

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கூசிக் கூசி, இடது காலைக் கட்டில் விளிம்பில் வைத்தாள். அவர் எட்டி அதைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருடைய கை அவளுடைய பாதத்தின்மேல் இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. டார்ச்சை அவளைப் பிடிக்கச் சொல்லிக் கண்ணாடியை வாங்கிக்கொண்டார். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துக் குதிகால், விரலிடுக்கு என்று அவள் பார்க்கும் அதே வரிசையில் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் அவர் கை நின்றது.

"இது இன்னா?"

"எது?"

கண்ணாடியை அவள் பக்கம் திருப்பினார். உள்ளங்காலின் நடுவில், விரல்களுக்குக் கீழே, ஓரம் வெளுத்த ஒரு குழி. அதன் நடுவில் கறுப்பாக ஒரு முனை. மூங்கில் சிராய். அவர் இறங்குவதற்கு முன் குழியில் எதுவும் கிடக்கக் கூடாது என்று வெறுங்காலோடு தினம் இறங்கினாளே, அங்கே ஏறியது.

"வலிக்..." என்று ஆரம்பித்துவிட்டுப் பரசுராமன் வாயை மூடிக்கொண்டார்.

"எத்தினி நாளா கீது இது?"

அவளுக்கு எப்படித் தெரியும்?

அவர் வார்டின் அந்தக் கோடியைப் பார்த்து, "சிஸ்டர், ஜல்தியா இங்க வாங்க," என்று உரக்கக் கூப்பிட்டார். அமலா வரும்வரை அவளுடைய காலை விடவில்லை. எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்பதை உண்ணாமலை அவருடைய விரல் கணுக்கள் வெளுத்திருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.